வெளியே நழுவிய ஜெல்லையும் கணக்கில் எழுதுங்கள்

முதுகுத்தண்டு வட்டின் கெட்டுப்போன உட்கருவுக்கு மாற்றாக, ஹைட்ரோஜெல் என்னும் தண்ணீர் நிறைந்த கூழைச் செய்து சோதிக்கும் ஆய்வகத்தாருக்கும், அந்தச் சோதனைகளுக்கு நெறி வகுக்கும் தரக்குழுவினருக்கும்,

வணக்கம்.

பொருட்களை நசுக்கிப் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். ஜெல் செய்ய எனக்குத் தெரியாது. செய்து அனுப்பியதை இயந்திரத்தில் பூட்டி, அழுத்தி, வரைபடம் எடுத்துக் கொடுப்பேன். அப்படி ஒருநாள் பார்த்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

மாட்டு வால் வட்டு ஒன்று. அதன் வெளிச்சுவரான நார் வளையத்தைக் கத்தியால் கீறி, உள்ளே இருந்த மெத்தென்ற உட்கருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜெல்லை நிரப்பியிருந்தோம். நேராக அழுத்தியபோது வட்டின் பழைய விறைப்பு ஏறக்குறைய அப்படியே திரும்பியிருந்தது. கூடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு, யாரும் கேட்காமலேயே, கீறலுக்கு எதிர்ப்பக்கமாகச் சில பாகை வளைத்து இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கீறல் வாய் திறந்தது. கண்ணாடிபோல ஒரு துளி எட்டிப் பார்த்தது. இன்னும் சில அழுத்தம். விரல்நுனி அளவு ஜெல் விலாங்கு மாதிரி நழுவி உப்புக்கரைசலுக்குள் விழுந்தது. வரைபடத்தில் அதற்கு ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். அறிக்கையில் அந்தப் பள்ளமும் இல்லை. ‘மாதிரி சரியாகப் பொருத்தப்படவில்லை’ என்று குறித்து, அந்த வட்டையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், அன்று உருப்படியாக நடந்த சோதனை அது ஒன்றுதான்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். வட்டின் பாடும் அதுதான். மேலே ஒரு முள்ளெலும்பு, கீழே ஒரு முள்ளெலும்பு. இளம் வயதில் உட்கருவின் எடையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் பக்கவாட்டில் பிதுங்காமல் பிடித்து வைப்பது, 15 முதல் 25 அடுக்குகள் கொண்ட நார் வளையம். அடுக்குக்கு அடுக்கு நார்கள் திசை மாறிக் குறுக்கே ஓடும். ஆக, சுமையைத் தாங்குவது உட்கரு மட்டுமல்ல, வளையமும் சேர்ந்துதான். நீங்கள் ஜெல் வைக்கப்போகும் முதுகிலோ அந்த வளையம் ஏற்கெனவே கிழிந்தது. போதாததற்கு, ஜெல்லை உள்ளே விட மருத்துவர் இன்னொரு துளையும் போடுவார்.

அப்படியிருக்க, எஃகுக் கிண்ணத்தில் ஜெல்லை அடைத்து, மேலே நுண்துளைத் தகடு வைத்து அழுத்தி, ‘உட்கருவுக்கு இணையான விறைப்பு’ என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? கிண்ணம் கிழியாது. ஜெல்லுக்கு ஓட வழியும் கிடையாது. பொருளின் குணத்தை அறிய அந்த அளவீடு வேண்டியதுதான், மறுக்கவில்லை. அதையே கட்டுரையின் முதல் வரியில் வெற்றியாகப் போடுவதுதான் உறுத்துகிறது.

இந்தத் துறையின் பழைய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1960களில் ஸ்வீடனின் அறுவை மருத்துவர் ஃபெர்ன்ஸ்ட்ரோம் வட்டுக்குள் எஃகுக் குண்டு வைத்தார். குண்டு எலும்புக்குள் புதைந்தது. 1996இல் மனிதர்களுக்குப் பொருத்தத் தொடங்கிய பிடிஎன் என்ற உட்கரு மாற்றுக் கருவி, பாலிஎத்திலீன் நூலுறைக்குள் வைத்த ஹைட்ரோஜெல் வில்லை. உறை போட்டும் சிலருக்கு அது இடம் பெயர்ந்தது. ஒன்று பக்கத்து எலும்பைக் குடைகிறது, இன்னொன்று வந்த வழியே போகப் பார்க்கிறது. இரண்டில் எதையும் எஃகுக் கிண்ணம் காட்டிக்கொடுக்காது.

அடுத்தது தூக்கம். ஒருமுறை அழுத்தி விடுவது ஒரு சுழற்சி. நொடிக்கு ஒன்று என்று 1 கோடி சுழற்சி ஓட்டினால் கிட்டத்தட்ட 116 நாள் இயந்திரம் நிற்காமல் ஓடும். அந்த 116 நாளில் ஒரு இரவுகூடக் கிடையாது. உண்மையான வட்டு பகலில் தண்ணீரை இழந்து, இரவில் படுத்திருக்கும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாலையில் நாம் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் குள்ளமாவது இதனால்தான். 1999இல் வில்கே என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டுக்குள் உணரியை வைத்து அளந்தார்கள். (ஒரே ஒருவர்தான், இன்றும் அந்த எண்களைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றி எடுத்தாள்கிறோம்.) குப்புறப் படுத்தால் வட்டுக்குள் அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல், நின்றால் 0.5. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கினால் 2.3. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 0.1 ஆக இருந்தது 0.24 ஆக ஏறியது. ஜெல்லிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: பகலெல்லாம் பிழியப்பட்ட பிறகு, அந்தச் சின்ன அழுத்தத்தின் கீழே, ஒரே இரவில் இழந்த தண்ணீரை மீட்குமா? சுமையே இல்லாமல் கிண்ணத்துக் கரைசலில் ஊறவைத்து எடை பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது.

‘உடல் வெப்பநிலையில் உண்மையான திசு ஓரிரு நாளில் கெட ஆரம்பித்துவிடும், அதை வைத்து 116 நாள் எப்படி ஓட்டுவது?’ என்பீர்கள். நியாயம்தான். நீண்ட சோதனைக்குச் செயற்கை வளையத்தையே வையுங்கள். ஆனால் அதில் ஒரு கீறல் போடுங்கள், பின்பக்கமாக. நாளுக்குப் பல மணி நேரம் சுமையை இறக்கி வையுங்கள். உண்மையான திசுவில் குறுகிய, முரட்டுச் சோதனை செய்யுங்கள்: கீறலின் எதிர்ப்பக்கம் வளைத்து, ஜெல் வெளியேறும் வரை அல்லது எலும்பு நொறுங்கும் வரை. இளம் விலங்கின் நல்ல வட்டோடு நிறுத்தாமல், தேய்ந்துபோன மனித வட்டிலும் செய்யுங்கள்.

தரக்குழுவினருக்குத் தனியாக ஒன்று. உட்கரு மாற்றுக் கருவிகளுக்கென்றே ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்2789 ஆவணம் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டிதான், தேறியதா தவறியதா என்று சொல்லும் விதி அல்ல. எந்த அளவைத் தாண்டினால் தேர்ச்சி என்று இப்போதே வரையறுங்கள் என நான் கேட்கவில்லை. அதற்கான தரவு இன்னும் சேரவில்லை. அந்தத் தரவு சேராமல் தடுப்பது, ‘சரியாகப் பொருத்தப்படவில்லை’ என்று ஓரங்கட்டப்படும் மாதிரிகள்தான். ஆகவே அறிக்கையின் அட்டவணையில் ஒரு பத்தியைக் கட்டாயமாக்குங்கள்: எத்தனை மாதிரிகளில் ஜெல் வெளியே வந்தது, எத்தனையாவது சுழற்சியில், எத்தனை பாகை வளைவில். ஒன்றிலும் வரவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதட்டும். காலியாக விட வேண்டாம்.

இப்படிக்கு,
அழுத்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவன்