கடைசி வீட்டுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் நம் தெருவின் கடைசி வீட்டைப் பழுதுபார்த்து, மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய ஐந்து பெண்களைக் குடிவைக்க எடுத்த வேலை முடிந்தது. தை மாதம் பால் காய்ச்சிக் குடியேறிவிட்டார்கள். கோயில் வேலைக்குச் சொல்லும் ‘திருப்பணி’யை இதற்கு எப்படிப் போடலாம் என்று இருவர் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபத்தை மினிட் புத்தகத்தில் எழுதியாயிற்று. தலைப்பை மாற்றவில்லை.

வரவு 3,86,000 ரூபாய், செலவு 3,91,450. துண்டு விழுந்த 5,450 ரூபாயைச் சங்கக் கையிருப்பிலிருந்து எடுத்தோம். ரசீதுகள் செயலாளரிடம் இருக்கின்றன.

செலவில் பாதிக்கு மேல் கூரையே விழுங்கியது. மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டும் பழைய மெட்ராஸ் டெரஸ். இரண்டு தேக்குக் கட்டைகளைக் கரையான் அரித்திருந்தது. அவற்றை மாற்றி, சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே புதிதாகத் தட்டோடு பதித்திருக்கிறோம். ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் உள்ளே வராதபடி வாசற்படியையும் ஒரு கல் உயர்த்தியாயிற்று. மற்றதெல்லாம் வழக்கமான பூச்சு, வயரிங், குழாய் வேலைகள்.

தாழ்ப்பாள் விஷயத்தில்தான் மூன்று கூட்டங்கள் போயின. அறைகளுக்கு வெளியிலிருந்து பூட்டும் தாழ்ப்பாள் வேண்டும், ‘பாதுகாப்புக்காக’ என்றார்கள் சில உறுப்பினர்கள். யாருடைய பாதுகாப்புக்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் கருகினார்கள். அதை ஒரு மூத்த உறுப்பினர் நினைவுபடுத்தியதும் பேச்சு அடங்கியது. வாசற்கதவுக்கு எல்லா வீட்டையும் போல ஒரு பூட்டு. சாவி அந்தப் பெண்களிடம். அறைகளில் உள்தாழ்ப்பாள் மட்டுமே உண்டு.

எதிர்த்துக் கையெழுத்து வாங்கியவர்களும் நம் உறுப்பினர்கள்தான், ஆகவே அதையும் மறைக்கவில்லை. “வாடகை மதிப்பு விழும், பிள்ளைகள் பயப்படும்” என்றது மனு. நான்காம் வீட்டுப் பாட்டி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னது: “காலராவும் தொண்டை அடைப்பானும் வந்தவங்களைச் சேர்க்கிற ஆஸ்பத்திரியைப் பக்கத்திலே வெச்சுக்கிட்டு மூணு தலைமுறையா குடியிருக்கோம். அஞ்சு பொம்பளைங்களுக்கா பயப்படப் போறோம்?” மனு அதோடு நின்றது.

1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் நடந்துவரும் மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே சென்னை வசவாக்கி வைத்திருக்கிறது. அந்த வசவு இந்தத் தெருவில் வேண்டாம் என்று இளைஞர்களிடம் மட்டுமல்ல, செயற்குழுவிலும் சொல்லவேண்டியிருந்தது.

இது நாம் இடும் பிச்சையும் அல்ல. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. ஐவரில் ஒருவர் தேறிய பிறகும் அழைத்துப்போக ஆளில்லாமல் பதினோரு வருடம் ஆஸ்பத்திரியிலேயே இருந்தவர். மாத்திரை, மருத்துவர், உடனிருக்கும் பணியாளர் எல்லாம் அவர்களைக் கூட்டிவந்த தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு. அக்கம்பக்கமாக இருப்பது மட்டும் நம் பொறுப்பு. ரேஷன் கடையில் வரிசை சொல்லிக்கொடுப்பது, தண்ணீர் லாரி வந்தால் குரல் கொடுப்பது, அவ்வளவுதான்.

நன்கொடையாளர்கள் மன்னிக்கவேண்டும்: கல்வெட்டு கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது, கதவு எண் மட்டும்தான். டியூப் லைட்டில் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தை மறைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஓர் அன்பர் கேட்காமலே மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் தன் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். விசிறிக்கு நன்றி. பெயிண்டுக்குச் செலவான 180 ரூபாய் மேற்படி கணக்கில் இருக்கிறது.

பாத்திரத்தில் மட்டும் பெயர் வெட்டினோம், குடியிருப்பவர்களுடைய பெயர். ஆளுக்கொரு தட்டு, ஒரு டம்ளர். பாத்திரக்கடைக்காரர் மெஷினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் எழுத்தைக் கேட்டுக் கேட்டு வெட்டினார். பதினோரு வருடம் இருந்த அம்மா தன் பெயரோடு அப்பாவின் முதலெழுத்தும் வேண்டும் என்றார். வெட்டி முடித்ததும் டம்ளரை வாங்கி, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கடைக்காரருக்கே அதில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

கூலி எவ்வளவு என்று கேட்டோம். கடைக்காரர் வாங்கவில்லை. அந்த இனத்தில் செலவு இல்லை.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு