ஆடிப்பட்டம் உனக்கு வேண்டாம் தாயி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மாடிப் படங்களைப் பார்த்தோம். கத்தரி நாற்று ஒடிந்து கிடப்பதும் தக்காளி இலை ஓரம் கருகியிருப்பதும் நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. மருந்து எதுவும் வாங்கி அடிக்காதே. ஒடித்தது காற்று, கருக்கியது உப்பு. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீயும் உன் அம்மாவும் மீன் விலைக்குப் போய்விடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை நம்பி விதைத்திருக்கிறாய். ஆடியில் ஆற்றில் தண்ணீர் வருகிற ஊருக்கு அது சரி. நீ இருக்கிற பாம்பனில் ஆடி என்றால் தெற்கே இருந்து அடிக்கிற சோழகக் காற்றுதான். நம் ராமநாதபுரம் மாவட்டத்து மழையில் பாதிக்கு மேல் புரட்டாசிக் கடைசியில் தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். நம் சம்சாரிகள் புரட்டாசியில் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது இதற்காகத்தான். நீயும் அந்தக் கணக்குக்கு வந்துவிடு. இது ஆவணி. நீ பிந்தவில்லை, முந்திவிட்டாய், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர். போர் தண்ணீரைத் தினமும் ஒரு குவளை ஊற்றுகிறேன் என்றாய். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு எங்கே போகும்? தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதுதான் அது. ஊற்றினால் அடித்துளை வழியே ஒழுகும்வரை ஊற்று, அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் மறுநாள் ஊற்று. நாற்றுக்கு மட்டும் காவிரிக் குடிநீரில் ஒரு செம்பு ஒதுக்கு. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல். பாத்திரம் துலக்க வைத்துக்கொள்.

இதற்கெல்லாம் நல்ல வைத்தியம் மழைதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உன் மாடி பத்துக்குப் பத்து அடி என்றாலும் 9 சதுர மீட்டர் வரும். 20 மில்லிமீட்டர் பெய்தால் 180 லிட்டர். ஒரு டிரம் நிரம்பிவிடும். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் கீழ் டிரம்மை வை, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டு. கொசு முட்டையிட இடம் கொடுக்காதே. மண் நிரப்பிய தொட்டிகளைச் செடி வைக்காமலே முதல் இரண்டு மழையில் நனையவிடு. பழைய உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு நடு.

கடற்கரை மணலை அள்ளிவராதே. உப்போடு சிப்பித் தூளும் சேர்ந்த மண் அது, காய்கறிக்கு ஆகாது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவிலும் உப்பு உண்டு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேர். மண்சட்டி அழகுதான், ஆனால் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியில் துளை போட்டால் போதும். வாடகை வீடு, ஈர மண் கனக்கும். தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக வரிசையாக வை.

காற்றுக்குச் சுவர் எழுப்பி மறைக்க முடியாது. முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று இறங்கும், செடி அதிலும் ஒடியும். இடைவெளி விட்டுக் கட்டிய பனையோலைப் படல்தான் சரி, காற்றை வடிகட்டி விடும். ஆடி, ஆவணியில் படல் தென்கடல் பக்கம் இருக்கட்டும். ஐப்பசியில் வாடை தொடங்கியதும் கழற்றி வடகடல் பக்கம் கட்டு. கொடிக்குப் பந்தல் கம்பி வாங்காதே, மாப்பிள்ளையிடம் சொன்னால் பழைய வலை கிடைக்கும். விறைப்பாக இழுத்துக் கட்டு, தொய்ந்தால் குருவி சிக்கும்.

என்ன வைப்பது? முதல் ஆண்டு நாலைந்து வாளிக்கு மேல் வேண்டாம். இப்போதே முண்டு மிளகாய் விதை போடு. அடுப்படியில் இருக்கும் வற்றலில் நன்றாகப் பழுத்ததாக ஒன்றை உடைத்தால் விதை கிடைக்கும், கடைக்குப் போக வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் மிளகாய். மானாவாரிக் காட்டிலேயே காய்க்கும், உன் வாளியில் காய்க்காதா? நாற்று நாற்பது நாளில் நடவுக்கு வரும், அப்போது மழையும் வந்திருக்கும். இலை சுருண்டால் இலைப்பேன் ஏறியிருக்கும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடி. கத்தரியும் இதே சமயத்தில் போடலாம், நாற்று மிளகாயைவிடக் கொஞ்சம் முந்தி நடவுக்கு வந்துவிடும்.

கீரை விதையை அடைமழையில் தூவாதே. பொடி விதை, ஒரே மழையில் அடித்துக்கொண்டு போய்விடும். சிறுகீரை, அரைக்கீரைக்குத் தை பிறக்கட்டும். மழைக்காலத்துக்குப் பொன்னாங்கண்ணித் தண்டை ஒடித்து ஊன்று, அது ஈரத்துக்கு அஞ்சாது. கொத்தவரை, பருப்புக்கீரை இரண்டும் உப்பைக் கொஞ்சம் தாங்கும். பீன்ஸ், கேரட் தாங்காது. ரோஜா ஆசையை இப்போதைக்கு விடு, உன் அம்மாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள். பங்குனியில் இருந்து கற்பூரவல்லியும் பருப்புக்கீரையும் இருந்தால் போதும், மற்றத் தொட்டிகள் ஓய்வு எடுக்கட்டும்.

மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாம், கருவாடு ஊறிய தண்ணீர் ஆகாது. கரையில் ஒதுங்கும் கடற்பாசி நல்ல உரம், ஆனால் நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசிக் காயவைத்த பிறகுதான் மண்ணில் சேர்க்க வேண்டும்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டால் எந்த எண் என்று விசாரித்துக்கொண்டு நிற்காதே. வாளிகளைக் கீழே இறக்கி வீட்டுச் சுவரை ஒட்டி வைத்துவிடு. செடி போனால் போகிறது, மாடியில் இருந்து வாளி பறந்து யார் தலையிலும் விழக்கூடாது.

மாப்பிள்ளை அடுத்த வாரம் தொண்டிக்கு வருவதாகச் சொன்னார். எரு ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், பஸ்ஸில் ஏற்றிவிடலாம். படல் இங்கேயே முடைந்து தருகிறேன். மாடிக் கைப்பிடிச் சுவரின் நீளமும் உயரமும் அளந்து நாளைக்குள் அனுப்பு, இரண்டு பக்கத்துக்கும்.

அப்பா