மாத்திரைதான் வந்துவிட்டதே என்று எழுதியவர்களுக்கு

ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் என் மாணவி ஒருத்தியின் விண்ணப்பம் திரும்பி வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகுவதை ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருளின் வழியில் தடுப்பது பற்றியது. காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே வரி: "மாத்திரைதான் வந்துவிட்டதே, இனி இது எதற்கு?"

நியாயமான கேள்விதான். சோபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகளை மூன்று மாதம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. 2018 முதல் தேசியத் திட்டத்தில் இலவசமாகவே தருகிறார்கள். அதோடு போட்டி போட அவள் வரவில்லை.

இந்த வைரஸின் மரபுச் செய்தி சுமார் 9,600 எழுத்து கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. நகலெடுக்கும்போதெல்லாம் பிழை விடும், திருத்தவும் ஆளில்லை. வைரஸையே குறிவைத்து ஆர்.என்.ஏ. துணுக்கை அனுப்பினால், குறிவைத்த இடத்தில் ஓரெழுத்து மாறியே தப்பிவிடக்கூடும். 2005-இல் வேறொரு வழி தெரிந்தது. நம் கல்லீரல் செல்களில் ஏராளமாக இருக்கும் மிர்-122 என்ற குட்டி ஆர்.என்.ஏ.வைத் தன் தொடக்க முனையில் இரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டுதான் வைரஸ் பிழைக்கிறது. பொதுவாகப் பிற ஆர்.என்.ஏ.க்களின் வாயை அடைப்பதுதான் இந்தக் குட்டிகளின் வேலை. இங்கே என்னவோ திருடனுக்கே காவல்!

சரி, அந்தக் காவலாளியையே பிடித்துக் கட்டிப்போட்டால்? 15 எழுத்து நீளமுள்ள மிராவிர்சன் என்ற ஊசி மருந்து அதைத்தான் செய்தது. 2013-இல் வெளியான 36 பேர் சோதனையில், வாரம் ஓர் ஊசியாக ஐந்து வாரம் அதிகபட்ச அளவு பெற்ற 9 பேரில் 4 பேருக்கு வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சோபோஸ்புவிருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்புறம் எல்லோர் கவனமும் மாத்திரைப் பக்கம் போய்விட்டது. மிர்-122-ஐயே கட்டிப்போட அடுத்து வந்த ஆர்ஜி-101 ஊசியில் சிலருக்கு மஞ்சள் காமாலை வந்து, அதையும் நிறுத்தினார்கள். மிர்-122 இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கல்லீரல் புற்றே வந்தது.

அவள் கேட்பதும் இதைத்தான். காவலாளியைக் கட்டிப்போட்டால் கல்லீரலின் சொந்த வேலைகளில் எது, எந்த அளவில் கெடுகிறது? வைரஸோடு ஒளி தரும் அடையாளம் ஒன்றைச் சேர்த்திருப்பதால், தட்டில் வளரும் செல்களில் அது பெருகினால் ஒளி கூடும், அடங்கினால் மங்கும். அந்த எண்களைக் குறிக்க இரவு பதினொன்றுக்கும் இருட்டறையில் உட்கார்ந்திருப்பாள். இன்னொரு கல்லீரல் வைரஸான ஹெபடைடிஸ் பி-யை மாத்திரை அடக்கி வைக்கிறதே தவிர, பெரும்பாலும் ஒழிப்பதில்லை. அங்கேயும் கல்லீரலுக்குள் ஆர்.என்.ஏ. மருந்தை அனுப்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கணக்கு தேவைப்படும்.

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் இதெல்லாம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மறுத்தால் சண்டைக்கு வரமாட்டேன்.