குக்கீ அறிவிப்பு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இணையக் கடை நடத்தும் தமிழர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அனுப்பும் செலவு, சுங்கம், விற்பனை வரி என எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிய அக்கட்டுரை, மாநிலங்களின் தனியுரிமைச் சட்டங்களை மட்டும் ‘தளத்தில் குக்கீ அறிவிப்பு ஒன்றைப் போட்டுவிட்டால் போதும்’ என்ற ஒரே வரியில் கடந்துவிட்டது. (பார்வையாளரின் உலாவியில் தளம் பதித்துவைக்கும் சிறு அடையாளக் கோப்பே குக்கீ. அதற்குச் சம்மதமா என்று கேட்பதே அந்த அறிவிப்பு.) நியூஜெர்சியில் பித்தளை விளக்கும் பூஜைப் பொருட்களும் பஞ்சாங்கமும் விற்கும் சிறிய கடையொன்றின் இணையதளத்தை ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அந்த வரியை நம்பிச் சிலர் சிக்கலில் மாட்டிக்கொள்வார்களோ என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாடு முழுமைக்கும் பொதுவான தனியுரிமைச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. 2022இலும் 2024இலும் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாக்கள் நிறைவேறவில்லை. அதனால் மாநிலங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின. கலிபோர்னியாவின் சட்டம் 2020 ஜனவரி 1 முதலும், வர்ஜீனியாவினுடையது 2023 ஜனவரி 1 முதலும், எங்கள் நியூஜெர்சியினுடையது 2025 ஜனவரி 15 முதலும் நடைமுறையில் உள்ளன. கடை எந்த ஊரில் இருக்கிறது என்பதைவிட, வாங்குபவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பதே இச்சட்டங்களுக்கு முக்கியம்.

‘நாங்கள் யாருடைய விவரத்தையும் விற்பதில்லையே’ என்று பல கடைக்காரர்கள் மனதாரச் சொல்கிறார்கள். ஆனால் கலிபோர்னியாவில் ‘விற்பனை’ என்பதற்குப் பணம் கைமாற வேண்டியதில்லை. வேறு பயனுக்காகத் தரவைக் கொடுத்தாலும் அது விற்பனையே. விளம்பர நிறுவனத்தின் பிக்சலை (பார்வையாளரைக் கண்காணிக்கும் சிறு நிரலை) தளத்தில் பொருத்தி, யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பதை அதற்குத் தெரியவிட்டு, பதிலுக்கு விளம்பர வசதியைப் பெறுவதும் இதில் அடங்கும். அழகுசாதனப் பொருட்கள் விற்கும் செஃபோரா நிறுவனம் இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லாததற்காகவும், விற்க வேண்டாம் என்று உலாவியே தானாக அனுப்பும் சமிக்ஞையை மதிக்காததற்காகவும் 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

கட்டுரையாளர் பரிந்துரைத்த அறிவிப்பைப் பற்றியே 2025 மே மாதம் ஓர் அபராத உத்தரவு வந்தது. டாட் ஸ்னைடர் என்ற ஆடை நிறுவனத்தின் தளத்தில் அந்த அறிவிப்பு தோன்றிய கணமே மறைந்துவிடும். தன் விவரத்தை விற்க வேண்டாம் என்று சொல்லி விலகல் கோர 40 நாட்கள் யாராலும் முடியவில்லை. அந்த வசதியை வேறொரு நிறுவனத்திடம் வாங்கியிருந்தாலும், அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு கடையுடையதே என்று கலிபோர்னியாவின் தனியுரிமைப் பாதுகாப்பு முகமை சொல்லிவிட்டது. விலக விரும்பியவர்களிடம் தேவைக்கு மேல் விவரம் கேட்டதும் குற்றமாயிற்று. அபராதம் 3,45,178 டாலர். இதைப் படித்த அன்றிரவே எங்கள் தளத்தைச் சோதித்தேன். ‘மறுக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திய பிறகும் இரண்டு பிக்சல்கள் வழக்கம்போல் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. மாதந்தோறும் கட்டணம் கட்டி வாங்கிய வசதி அது.

சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அதன் எல்லையைப் பலர் விற்பனைத் தொகையைக் கொண்டு மட்டும் அளக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஓராண்டில் ஒரு லட்சம் நுகர்வோர் அல்லது குடும்பங்களின் தரவை விற்றாலோ பகிர்ந்தாலோ சட்டம் பொருந்தும். பொருள் வாங்காமல் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் தரவும் பிக்சல் வழியே போகும் என்பதால், அம்மாநிலத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 274 புதியவர்கள் வந்தாலே கணக்கு நிறைந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்கள் தளத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் இது பெரிய எண்ணாகத் தெரியவில்லை.

நம் கடைகளுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் மத நம்பிக்கையை வெளிப்படுத்தும் தரவை, கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் கூருணர்வுத் தரவாகக் கருதி, முன்கூட்டியே ஒப்புதல் பெறச் சொல்கின்றன. டெக்சாஸில் சிறு வணிகமானாலும் ஒப்புதல் இல்லாமல் அத்தகைய தரவை விற்கக் கூடாது. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மேரிலாந்து சட்டம் அதன் விற்பனையையே தடை செய்கிறது. ஒருவர் எந்தப் பூஜைப் பொருளை வாங்கினார் என்பதும் இந்த வகையில் சேருமா என்பதை வழக்கறிஞர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சேரும் என்றே கொண்டு நடப்பது நல்லது என்பது என் எண்ணம். எங்கள் படிவத்தில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதற்காக நட்சத்திரமும் கோத்திரமும் கேட்டுக்கொண்டிருந்தோம். விளக்கு அனுப்ப முகவரி போதுமே என்று அவ்விரண்டு கட்டங்களையும் நீக்கினோம். பழைய பதிவுகளையும் அழித்தோம். பூஜைப் பொருள் பக்கங்களிலிருந்து விளம்பர பிக்சல்களை எடுத்துவிட்டோம். விளம்பரத்தால் வந்த விற்பனை கொஞ்சம் குறையத்தான் செய்தது.

அடுத்த இதழிலேயே அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிட்டு, இச்சட்டங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றும் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த மாதமே கடை திறக்கப்போவதாக எனக்குத் தெரிந்த இருவர் சொல்லியிருக்கிறார்கள்.

இங்ஙனம்,
வாசகி,
எடிசன், நியூஜெர்சி.