லிட்டர் கணக்கு சரி, யூனிட் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னைக்கு அருகே நெம்மேலி இரண்டாவது ஆலை நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர், கட்டப்பட்டுவரும் பேரூர் ஆலை 40 கோடி லிட்டர் என்று லிட்டர் கணக்கு ஒன்றுவிடாமல் இருந்தது. அத்தனை தண்ணீருக்கும் மின்சாரம் எத்தனை யூனிட் என்று ஒரு வரி இல்லை. அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவிலேயே காலம் தள்ளியவனுக்கு இது உறுத்தத்தானே செய்யும்?

ஆர்.ஓ. முறையில் கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் வரை செலவாகும். பெரும்பகுதி, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வின் வழியே நீரை அழுத்தித் தள்ளும் பம்புகளுக்கே போகிறது. மூன்றரை என்று வைத்துப் பெருக்கினால் பேரூருக்கு மட்டும் தினமும் 14 லட்சம் யூனிட். மழையை நம்பாத தண்ணீர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நிலக்கரியை நம்பிய தண்ணீர் என்பதையும் கூடவே சொல்ல வேண்டாமா?

எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்குகிறது. ஒரு மெகாவாட்டுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 4 ஆயிரம் யூனிட் என்றாலும், அதில் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் பேரூர் அளவு ஆலையை ஓட்டிவிடலாம். அதே மாவட்டத்தில்தான், குடம் அசையாமல் உட்காரக் கம்பி வளையம் வைத்த தள்ளுவண்டிகளைப் பெண்கள் ஊற்றுக்கு உருட்டிப் போகிறார்கள். ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு, ஒரு குடம் நிரம்பும்வரை குந்தியிருக்கிறார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதே என்பார்கள். வரும் நாளில் வரும்.

இரவில் வெயில் இல்லையே என்ற கேள்வி நியாயமானது. சவ்வுகளை அடிக்கடி நிறுத்தி ஓட்டுவதும் நல்லதல்ல. ஆனால் கடலோரம் வீணாகும் வெப்பத்துக்கு இரவு பகல் கிடையாது. கட்டுரை தொடாமல் விட்டது இதைத்தான்.

சிறு வெப்ப வேறுபாடே போதும் என்பதற்கு, லட்சத்தீவின் கவரத்தித் தீவில் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் அமைத்த ஆலையை நினைத்துப் பாருங்கள். மேல்மட்டக் கடல்நீர் சுமார் 28 டிகிரி. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் அதை விட்டால், அந்தச் சூட்டிலேயே ஒரு பகுதி ஆவியாகிவிடும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த நீர் அந்த ஆவியைத் திரும்ப நீராக்குகிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். சவ்வும் இல்லை, அடுப்பும் இல்லை. பம்புகளுக்கு மட்டும் மின்சாரம் வேண்டும். அதுவும் தீவில் டீசலில் வந்தது என்பது குறைதான். அதனால்தான் கடலின் வெப்ப வேறுபாட்டிலிருந்தே மின்சாரமும் எடுக்கும் முயற்சி அங்கே தொடங்கியது.

அனல்மின் நிலையத்தில் ஆழ்கடலுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. நீராவியைத் திரும்ப நீராக்கும் கண்டன்சரைக் குளிர்வித்துவிட்டு வெளியேறும் கடல்நீர் உள்ளே வந்ததைவிடச் சில டிகிரி சூடாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் இதே நிறுவனம் 2009-இல் அந்தச் சூட்டை வைத்தே நன்னீர் எடுத்துக் காட்டியது. நூறு லிட்டர் ஓடினால் ஒரு லிட்டர் அளவுக்குத்தான் தேறும், ஊருக்கு இது காணாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிடைப்பது வடிநீர், அதாவது ஆவியாக்கிக் குளிர்வித்த, உப்பில்லாத நீர். கொதிகலனுக்கு வேண்டியதும் உப்பு நீக்கிய நீர்தான். நல்ல தண்ணீரை வாங்கி, அதிலுள்ள உப்பை ரசாயனம் போட்டு நீக்கிக் கொதிகலனுக்கு அனுப்பிய கூத்தை நான் பல ஆண்டுகள் பார்த்தவன். தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் போவதை எதிர்த்து வழக்கு நடந்த ஊர்ப்பக்கம் இது. ஆலைகள் தங்கள் கழிவுச் சூட்டில் தங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டால் ஆற்று நீர் அந்த அளவுக்கு மிஞ்சுமல்லவா?

கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் நீராவியைக் கொண்டு தினமும் 45 லட்சம் லிட்டரும், ஆர்.ஓ. வழியே 18 லட்சம் லிட்டரும் எடுக்கும் இரட்டை முறை ஆலை இருக்கிறது. வெப்பமும் சவ்வும் சேர்ந்து இயங்க முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பூமிக்குள்ளிருந்து வரும் சூடான புவிவெப்பம் பற்றி வாசகர்கள் சிலர் ஆர்வமாகக் கேட்பதுண்டு. கிரேக்கத்தின் கிமோலோஸ் தீவில் சுமார் 60 டிகிரிச் சுடுநீரை வைத்துக் கடல்நீரை நன்னீராக்கிப் பார்த்தார்கள். அங்கே பூமிக்குள் சூடும் பக்கத்தில் கடலும் இருந்தன. நம் நாட்டில் பெயர்பெற்ற பூகா பள்ளத்தாக்கோ லடாக்கில் இருக்கிறது, கடலே இல்லாத இடத்தில். கண்ணாடிக் கூரை போட்டு வெயிலில் ஆவியாக்கும் பழைய முறையும் சிற்றூர் அளவுக்கே சரி. சிலியில் 1872-இல் அப்படி ஒன்று அமைத்தார்கள். ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு மேல் கண்ணாடி விரித்தும் நாளொன்றுக்குக் கிடைத்தது 20 ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல்தான்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தங்கள் செய்தியாளர் அதிகாரிகளைச் சந்திக்கும்போது, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட், அதில் எத்தனை சூரிய மின்சாரம், பக்கத்து அனல்மின் நிலையத்தின் கழிவுச் சூடு திட்ட அறிக்கையில் கணக்கில் வந்ததா என்ற மூன்றையும் கேட்டு, பதில் வராவிட்டால் வரவில்லை என்றாவது அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மின்வாரியப் பணியாளர் ஒருவர்,
இராமநாதபுரம்