நன்கொடைச் சந்தைகளின் கணக்கு வாசலிலேயே தெரியட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியை ஒட்டி நகரில் நடைபெறும் விற்பனைத் திருவிழாக்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையில், அவற்றுள் பலவும் வருமானத்தில் ஒரு பகுதியை முதியோர் இல்லங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளிகளுக்கும் வழங்குவதாகப் பாராட்டப்பட்டிருந்தது. பாராட்டியதில் தவறில்லை. ஆனால் அது எவ்வளவு என்பதைக் கட்டுரையும் சொல்லவில்லை, ஏற்பாட்டாளர்களின் விளம்பரங்களும் சொல்வதில்லை. நூறு ரூபாயில் ஒரு ரூபாய் போகிறதா, ஐம்பது ரூபாய் போகிறதா என்று தெரியாமலே மக்கள் மனமிரங்கி வாங்குகிறார்கள். இதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பணி நிமித்தமாகத் தில்லியில் வசித்தவர்களுக்கு, ஓபராய் ஓட்டலுக்கு அருகே லால் பகதூர் சாஸ்திரி சாலையில் ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் கூடும் சந்தை நன்கு அறிமுகமாகியிருக்கும். 1944-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிளைண்ட் ரிலீஃப் அசோசியேஷன் என்ற அமைப்பு, பார்வையற்ற மாணவர்களுக்கான தனது பள்ளியும் தொழிற்பயிற்சிக் கூடமும் இருக்கும் அதே வளாகத்தில் இதை நடத்துகிறது. ஊர்க்காரர்கள் "பிளைண்ட் ஸ்கூல் மேளா" என்றே சொல்வார்கள். குர்த்தா, விரிப்பு, மண்பாண்டம், இனிப்பு, காரம் என்று வெளி வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள். அவர்கள் செலுத்தும் வாடகை அமைப்புக்குச் சேர்கிறது. பயிற்சி பெறுவோர் செய்த மெழுகுவர்த்திகளும் அகல்களும் காகிதப் பொருள்களும் தனியாக விற்கப்படுகின்றன. அந்த வருமானமும் அமைப்புக்கே. குர்த்தா வாங்குபவரிடம் "நீங்கள் தர்மம் செய்கிறீர்கள்" என்று யாரும் சொல்வதில்லை. அவர் தமக்குப் பிடித்த துணியை வாங்கிக்கொண்டு போகிறார், வியாபாரி ஏற்கெனவே வாடகையைக் கட்டிவிட்டார். எந்தப் பணம் எங்கே போகிறது என்பதில் குழப்பத்திற்கு இடமே இல்லாத ஏற்பாடு இது.

அந்த மெழுகுவர்த்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இரண்டு பாதிகளாகப் பிரியும் உலோக அச்சில் திரிநூலை இழுத்துக் கட்டி, உருக்கிய மெழுகை ஊற்றி, தண்ணீரில் குளிரவைத்து, அச்சைப் பிரித்து எடுப்பது பார்ப்பதற்கு எளிய வேலைபோல் இருக்கும். நூல் சற்றுத் தொய்ந்தால் திரி ஓரமாக ஒதுங்கி, வர்த்தி ஒரு பக்கமாகவே உருகி வழியும். அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் பிசிறு தங்கும். அதைக் கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியால் தடவித்தான் நன்றாகக் கண்டுபிடிக்க முடியும். பரிதாபப்பட்டு வாங்க வேண்டிய பொருள் அல்ல அது. காசுக்கு ஏற்ற தரமுள்ள சரக்கு.

நம் ஊருக்கு வருவோம். 2009-இல் தொடங்கி, இப்போது ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை நாடெங்கும் கொண்டாடப்படும் "தான் உத்சவ்" என்னும் கொடைத் திருவிழா வாரத்தில், சென்னையின் அலுவலக வளாகங்களில் தொண்டு நிறுவனங்களுக்கு மேசை போட்டுக்கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் காகிதப் பை, பினாயில், பஞ்சுத் திரி, கைத்தறித் துண்டு ஆகியவற்றை ஒரு சிறு வேனில் ஏற்றிக்கொண்டு நகரத்திற்கு வெளியிலிருந்து வரும் ஒரு இல்லத்திற்கு, மதிய உணவு இடைவேளை விற்பனையில் வேன் வாடகை போக என்ன மிஞ்சும்? நான் அறிந்த ஓர் இல்லத்தின் பொறுப்பாளர், "படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு துண்டாவது எடுத்துக்கொண்டு போனால் தேவலை" என்றார். சில வணிகக் கண்காட்சிகளில் இதைவிடக் கொடுமையாக, தொண்டு நிறுவனத்தின் பெயரைப் பதாகையில் பெரிதாகப் போட்டுவிட்டு, அதே நிறுவனத்திடம் கடைக்கு வாடகையும் வசூலித்துக்கொள்கிறார்கள்.

"லாபத்தில் ஒரு பங்கு" என்ற வாக்குறுதியையும் கவனிக்க வேண்டும். பந்தல், மின்விளக்கு, மேடை, விளம்பரம், திறந்துவைக்க வரும் நட்சத்திரத்தின் சம்பளம் எல்லாம் கழிந்த பிறகுதான் லாபம் என்பது வரும். நிகழ்ச்சி நஷ்டத்தில் முடிந்தால் இல்லத்திற்கு ஒன்றுமில்லை. ஆனால் இல்லத்தின் பெயரை நம்பிக் கூட்டம் வந்ததும் விற்பனை நடந்ததும் மெய். ஆகவே லாபத்தில் பங்கு என்பதைவிட விற்பனையில் இவ்வளவு, அல்லது கடை ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்பதே நேர்மையான கணக்கு.

இதில் வாங்குபவருக்குச் சட்டப்படி கிடைக்கும் பாதுகாப்பும் குறைவு. வருமான வரிச் சலுகைக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நேரடியாக நன்கொடை அளித்தால், "80ஜி ரசீது" என்று பேச்சில் வழங்கும் வரிச் சலுகை ரசீது கிடைக்கும். பணம் எங்கே சேர்ந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. திருவிழாவில் புடவையோ பாத்திரமோ வாங்கினால் அது வெறும் கொள்முதல், நன்கொடை அன்று. கையில் இருப்பது கடை பில் மட்டும். இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, அறப்பணியின் பெயரைச் சொல்லிப் பொருள் விற்கும் வணிகர், எந்த அமைப்புக்கு, எவ்வளவு தொகை போகும் என்பதை வாங்குபவரிடம் தெரிவித்தாக வேண்டும் என்று விதிக்கிறது. நம் நாட்டிலும் அப்படியொரு விதி வந்தால் நல்லது. அது வரும்வரை காத்திருக்காமல், ஏற்பாட்டாளர்களிடம் நாமே இந்த விவரங்களைக் கேட்கலாம்.

இப்படிக் கேட்டால் நல்லது செய்ய வருபவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுவதுண்டு. குடியிருப்போர் சங்கமோ மகளிர் குழுவோ ஒரு நாள் சந்தை நடத்தும்போது தணிக்கை அறிக்கை எதையும் நான் கேட்கவில்லை. நுழைவாயிலில், பயன்பெறும் அமைப்பின் பெயர், அதற்குச் சேரும் தொகை கணக்கிடப்படும் முறை, அவ்வமைப்பு கடை வாடகை கொடுத்திருக்கிறதா இல்லையா என்ற மூன்று விவரங்களை ஒரு பலகையில் எழுதிவைத்தால் போதும். சங்கத்து மகளிர் இதை அரை மணியில் எழுதிவிடுவார்கள். பெரிய வணிக வளாகங்களுக்குத்தான் இது சங்கடமாக இருக்கக்கூடும்.

தங்கள் இதழின் நகர நிகழ்ச்சிகள் பகுதியில் இத்தகைய விற்பனைகளின் அறிவிப்புகள் கட்டணமின்றி வெளியாகின்றன. தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அறிவிப்பு அனுப்புகிறவர்களிடம் அதே மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கி உடன் வெளியிட வேண்டும் என்றும், தர மறுப்பவர்களின் அறிவிப்பைச் சாதாரண விற்பனை விளம்பரமாகக் கருதி உரிய கட்டணம் பெற்றுக்கொண்டே வெளியிட வேண்டும் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.