சார்கோல் அறையிலிருந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, பெயின்ட். படிக்கிற அறையின் நான்கு சுவருக்கும் சார்கோல், அதாவது கரி மாதிரியான சாம்பல் கறுப்பு நிறம், அடித்துவிட்டேன். "புகை பிடித்த அடுப்படி மாதிரி இருக்கு" என்று அம்மா சொல்லிவிட்டாள், அதனால் நீ புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம்.

புது வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் கறுப்பு அடிக்கலாமா என்று கேட்டிருந்தாயே. அதற்குத்தான் வருகிறேன். பெயின்ட் கடை நிற அட்டையில் பார்த்து முடிவு செய்யாதே. நான் அப்படித்தான் ஏமாந்தேன். அட்டையில் சாம்பல் கலந்த கறுப்பாக இருந்தது, சுவரில் அடித்ததும் நீலமாக நின்றது. சார்கோலுக்கு அடியில் நீலமோ பச்சையோ பழுப்போ ஒளிந்திருக்கும். எதிரே வெள்ளைச் சுவரும் பகல் வெளிச்சமும் இருந்தால் அது வெளியே வந்துவிடும். இரண்டாம் முறை பெரிய காகித அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலையில் ஜன்னலோரம், ராத்திரி விளக்கடி என்று நான்கு நாள் இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். பழுப்பு கலந்ததுதான் ஜெயித்தது.

எல்.ஆர்.வி. என்று ஒரு எண் உண்டு, ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்று சொல்வது. சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 100. சார்கோல் பெரும்பாலும் 15-க்குள் அடங்கிவிடும். அதாவது விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைச் சுவரே விழுங்கிவிடுகிறது. மேலே ஒரு விளக்கை மட்டும் நம்பினால் அறை கிணறுதான். நான் மூன்று சின்ன விளக்குகளைத் தாழ்வாக வைத்தேன், எல்லாம் இதமான மஞ்சள் வெளிச்சம், விளக்குப் பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கும். மர அலமாரி அதற்குப் பிறகுதான் உயிர் பெற்றது. டிவி அணைந்திருந்தால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, எனக்கு அது பெரிய லாபம்.

ஒரு சுவர் மட்டும் என்றால், எனக்கென்னவோ ஒட்டுப்போட்டது மாதிரிதான் தெரியும். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் என்றால் சரி, அங்கே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான்கு சுவரோடு கதவையும் சேர்த்து அடித்தால் மூலைகள் மங்கிப்போய், சின்ன அறைகூட எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும்.

வேலையில் கவனிக்க வேண்டியது: பட்டி பார்த்த சுவரை நன்றாகத் தேய்க்கச் சொல். வெள்ளைப் பிரைமர் வேண்டாம், சாம்பல் கலந்தது அடித்தால் ஒரு கோட் மிச்சமாகலாம். ரோலரை நடுச் சுவரில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், ஈரம் காய்ந்த இடத்தில் கோடு விழும். அது லேசில் போகாது. பளபளப்பு வகை ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும், பளபளப்பில்லாத 'மேட்' வகை மறைக்கும். ஆனால் மேட் வகையில் நாற்காலி முதுகு உரசிய இடம் மினுக்கும். என்னுடையதில் ஏற்கனவே இரண்டு இடம்.

அப்புறம், முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதை எழுதாமல் பெயின்ட்டைப் பற்றியே எழுதியிருந்தாய். எனக்கு இப்போதைக்கு ஒரே உறுத்தல், வெள்ளை ஸ்விட்ச் பலகைகள். இருட்டில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கின்றன. அடுத்த வாரம் கறுப்புக்கு மாற்றிவிடுவேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் பழைய நண்பன்